எந்தக் காரை நாமே பழுது பார்க்கலாம்?

தேனி மாவட்டத்தில் மேற்கு மலையின் அடிவாரத்தில் பொட்டிப்புரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வகத்திற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் என்ற வகையில் இவ்வூரின் பெயரைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். ஆனால் இக்கட்டுரை நியூட்ரினோவைப் பற்றியதன்று. அப்பக்கத்துச் சாலைகளில் ஓடும் ஜீப்புகளைப் பற்றியது. போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, விடியற்காலையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஜீப்புகள் ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. அவற்றுள் பல உங்களைவிட வயதில் மூத்தவை.

புதிய வண்டிகள் எத்தனையோ வந்துவிட்ட பின்னும் மலைப்பாதைக்குப் பழைய ஜீப்பை ஏன் விரும்புகிறார்கள்? ஓட்டுநர்கள் சொல்லும் காரணங்களுள் ஒன்று இது: "நின்ற இடத்திலேயே சரி செய்துகொள்ளலாம்." கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டால், பட்டறை பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்கு அன்றைய கூலியே போய்விடும். ஆகவே "இதை நாமே பழுது பார்க்க முடியுமா?" என்ற கேள்வி அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு.

பழைய வண்டி எளிது, புதிய வண்டி கடினம் என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆனால் ஏன் அப்படி என்று கேட்கும்போதுதான் இயற்பியல் தொடங்குகிறது.

நான்கு அளவுகோல்கள்

ஒரு வண்டியை நாமே பழுது பார்ப்பது எளிதா, கடினமா என்பதை நான்கு கேள்விகளால் அளக்கலாம்.

ஒன்று, பழுதான உறுப்புக்குக் கை எட்டுகிறதா? இரண்டு, பழுது கண்ணுக்கோ காதுக்கோ மூக்குக்கோ புலப்படுகிறதா? மூன்று, கழற்றுவதற்கு வேண்டிய கருவியும் மாற்றுவதற்கு வேண்டிய உதிரி உறுப்பும் கடைத்தெருவில் கிடைக்கின்றனவா? நான்கு, அந்த உறுப்புக்குள் எவ்வளவு ஆற்றல் அடைபட்டிருக்கிறது?

நான்காவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அழுத்தப்பட்ட சுருள்வில், அழுத்தத்திலுள்ள திரவம், மின்னேற்றம் பெற்ற மின்தேக்கி ஆகியவை வெளிப் பார்வைக்கு அமைதியாகவே இருக்கும். உள்ளே அடைபட்ட ஆற்றல் வெளிப்படும்போது கை விரல் போகும். சில வேளை உயிரே போகும்.

எஞ்சின் கேட்பவை மூன்றே

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், அக்கலவையை அழுத்தும் இறுக்கம், சரியான நொடியில் ஒரு தீப்பொறி. இம்மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீர வேண்டும். ஓடவில்லையென்றால் மூன்றில் ஒன்று இல்லை என்று பொருள்.

நல்ல மெக்கானிக் வண்டியைக் கண்டபடி கழற்றுவதில்லை. முதலில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் பெட்ரோல் வருகிறதா என்று பார்க்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து விளைவைக் கவனிக்கிறார். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் தனி ஊசலின் நீளத்தை மட்டும் மாற்றி அலைவு நேரத்தைக் காண்கிறீர்களே, அதே முறைதான். பட்டறையில் எண்ணெய்க் கறையுடன் நிற்பவரும் சோதனை முறையில் சிந்திக்கிறவரே.

எளிய வண்டிகள்

உலக அளவில் எளிய காருக்கு முதல் எடுத்துக்காட்டு ஃபோர்டின் டி-மாடல். 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றை வாங்கியவர்களில் பலர் உழவர்கள். நகரத்துப் பட்டறையை எதிர்பார்க்காமல் தாமே பழுது பார்த்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது அம்பாசிடர். மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1957-இல் தொடங்கி 2014 வரை இது தயாரிக்கப்பட்டது. பானட்டைத் தூக்கினால் எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்திருக்கும்; அதன் இரு பக்கமும் கை தாராளமாக நுழையும். கார்புரெட்டர் ஒரு பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு பக்கம், எல்லாம் கண்ணுக்கு நேரே. பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100-இன் வழியில் செய்யப்பட்ட பிரிமியர் பத்மினியும் இவ்வகையே. சென்னையில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒரு படி மேலே சென்றது. அதில் பானட் மட்டுமன்றி இருபக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். எஞ்சினும் முன் சக்கரங்களின் அமைப்பும் படம் வரைந்தாற்போல வெளியே நிற்கும். நம் முதல் அளவுகோலின்படி ஹெரால்டுக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

இந்த வண்டிகளில் பழுது அடிக்கடி தோன்றும் இடம் ஒன்று உண்டு. அதை மட்டும் சற்று ஆழமாகக் காண்போம்.

நொடிக்கு நூறு முறை

மின்கலம் தருவது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியில் தீப்பொறி பாய 15,000 வோல்ட் போலத் தேவைப்படும். இதை உண்டாக்குவது காயில். முதல் சுற்றில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை ஏற்படுத்துகிறது. அந்த ஓட்டத்தைத் திடீரெனத் துண்டித்தால் காந்தப்புலம் சரிகிறது. பல மடங்கு அதிகச் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் மிக உயர்ந்த மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. பாரடே விதியின் நேரடிப் பயன்பாடு இது. புலம் எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் கிடைக்கும்.

துண்டிப்பவை இரு சிறு உலோக முனைகள். "பாயிண்ட்" என்று மெக்கானிக்குகள் கூறுவது இதைத்தான். திறந்திருக்கும்போது இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவு. அஞ்சலட்டைகள் ஒன்றிரண்டின் கனம்.

இப்போது ஒரு கணக்கு. நான்கு உருளை கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் ஆதலால் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீப்பொறி கேட்கும். நான்கு உருளைகளுக்கும் சேர்த்துச் சுற்றுக்கு இரண்டு, நிமிடத்திற்கு 6,000, நொடிக்கு 100. ஒரு மணி நேரப் பயணத்தில் அந்தப் பாயிண்ட் 3,60,000 முறை திறந்து மூடுகிறது! ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது, சிறிது கருகுகிறது. இடைவெளி மாறினால் தீப்பொறி தோன்றும் நேரமும் மாறும். வண்டி இழுக்காது, திக்கும், நின்றுவிடும்.

பழுது பார்ப்பதோ எளிது. மூடியைத் திறந்து, முனையை உப்புத்தாளால் தேய்த்து, தகட்டு அளவியைச் செருகி இடைவெளியைச் சரி செய்து, ஒரு திருகை இறுக்கினால் போதும். திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் கற்றுக்கொள்ளலாம்.

இதிலிருந்து ஒன்றை உணர வேண்டும். பழைய வண்டி எளிதில் பழுது பார்க்கத்தக்கதாக இருந்தது. ஆனால் அடிக்கடி பழுது பார்க்க வேண்டியதாகவும் இருந்தது. பின்னாளில் பாயிண்டின் வேலையை டிரான்சிஸ்டர் ஏற்றுக்கொண்டது. அதில் தேய்வதற்கு உலோக முனை இல்லை. ஆண்டுக்கணக்கில் தொட வேண்டியதில்லை. ஆனால் அது கெட்டுப்போனால் தேய்க்கவும் முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஈரத்துணி வைத்தியம்

பழைய அம்பாசிடர் கோடையில் மலை ஏறும்போது நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி, பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். சிறிது நேரத்தில் வண்டி புறப்படும். இது மந்திரமன்று.

பெட்ரோல் ஒரே கொதிநிலை கொண்ட தூய பொருளன்று; பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகுபவை 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்கும். பழைய வண்டியில் பம்பு சூடான எஞ்சினோடு ஒட்டியே இருந்தது. அது பின்னாலுள்ள தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. வாயு அமுங்கும் தன்மையுடையது. பம்பு அந்த வாயுவை அமுக்கி விடுகிறதே தவிர, பெட்ரோலை நகர்த்துவதில்லை. ஈரத்துணியிலுள்ள நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பம்பு குளிர்கிறது, ஆவி மீண்டும் திரவமாகிறது.

இன்றைய பெட்ரோல் கார்களில் மின்பம்பு தொட்டிக்குள்ளேயே அமைக்கப்பட்டுள்ளது. அது உறிஞ்சுவதில்லை, வளிமண்டல அழுத்தத்தைப்போல் பல மடங்கு அழுத்தத்தில் முன்னோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும். ஆகையால் இத்தொல்லை அரிதாகிவிட்டது. ஆனால் அந்தப் பம்பு கெட்டால் தொட்டியையே திறக்க வேண்டும். பழுது குறைந்தது, கை எட்டும் தொலைவும் குறைந்தது.

மலை ஜீப்பின் ரகசியம்

1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மகிந்திரா நிறுவனம், பின்னர் டீசல் எஞ்சின் பொருத்திய ஜீப்புகளையும் வெளியிட்டது. மலைப்பாதைகளில் பெருகியவை இவையே.

டீசல் எஞ்சினுக்குப் பிளக்கும் காயிலும் பாயிண்டும் வேண்டியதில்லை. உருளையில் காற்று மட்டும் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதே விளைவு இங்கே மிகப் பெரிய அளவில் நிகழ்கிறது. காற்றின் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் செல்கிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. டீசலை அளந்து தெளிப்பது முழுவதும் பல்சக்கரங்களும் உந்துதண்டுகளும் கொண்ட ஒரு பம்பு. பழைய டீசல் ஜீப்பில் கணிப்பொறி இல்லை. ஸ்டார்ட்டர் இயங்காவிட்டால் இறக்கத்தில் உருட்டிவிட்டு கியரைப் போட்டால் பெரும்பாலும் எஞ்சின் கிளம்பிவிடும்.

இதில் வழியில் வரும் பழுதுகளுள் ஒன்று, டீசல் குழாயில் காற்று புகுவது. மேலே பெட்ரோல் ஆவி செய்த அதே குறும்பை இங்கே காற்று செய்கிறது. ஓட்டுநர் குழாயின் நடுவிலுள்ள ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடிக்கிறார். நுரையாக டீசல் வருகிறது, பின்பு குமிழி இல்லாத டீசல் வருகிறது, திருகை இறுக்குகிறார். ஒரு ஸ்பேனரோடு வேலை முடிந்தது. நம் நான்கு அளவுகோல்களில் முதல் மூன்றிலும் இந்த ஜீப் வெற்றி பெறுகிறது. கை எட்டும், கண்ணுக்குத் தெரியும், பாகம் ஊரிலேயே கிடைக்கும்.

நடுவில் நிற்கும் வண்டி

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-இல் 796 கன சென்டிமீட்டர் எஞ்சின் குறுக்குவாக்கில் வைக்கப்பட்டது. முன் சக்கரங்களையே அது இயக்கியது. இடம் மிச்சமாயிற்று, எடை குறைந்தது, பெட்ரோல் செலவும் குறைந்தது. ஆனால் குறுகிய இடத்தில் உறுப்புகள் நெருங்கி அமர்ந்தன. தொடக்க கால மாருதியில் கார்புரெட்டர்தான் இருந்தது, மூன்றே உருளைகள். ஆகையால் பொறுமையுள்ளவருக்கு இது கடினமான வண்டியன்று. பிந்திய ஆண்டுகளின் மாருதியில் பெட்ரோலைத் தெளிக்கும் நுண்குழல்களும் அவற்றை ஆளும் கணிப்பொறியும் வந்தன. 2014 ஜனவரியில் உற்பத்தி முடிவுறும்வரை ஒரே பெயரில் ஓடிய இந்த வண்டி, எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்லும் பாதையைத் தானே நடந்து காட்டியது எனலாம்.

ஏன் கடினமாக்கினார்கள்?

கார் நிறுவனங்கள் வேண்டுமென்றே சிக்கலாக்கிவிட்டன என்று பட்டறைகளில் கூறுவார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு, பின்னர் காண்போம். ஆனால் முதற்காரணம் நாம் மூச்சு விடும் காற்று.

எத்தனால் கலவாத பெட்ரோல் ஒரு கிலோ முழுவதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை ஏறத்தாழ 0.74 கிலோ. அதற்கு வேண்டிய காற்று சுமார் 10.9 கிலோ. தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 1.2 கிலோ என்று கொண்டால், சுமார் 9 கன மீட்டர் காற்று! ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு சிற்றறை நிறையக் காற்று செலவாகிறது.

கார்புரெட்டர் இந்த விகிதத்தை பெர்னூலி விளைவால் அமைக்கிறது. குறுகிய கழுத்தில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. ஒரு நுண்துளை வழியே பெட்ரோல் மேலெழுந்து கலக்கிறது. அழகான கருவிதான். ஆனால் துளையின் அளவு மாறாதது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டும். மேலே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரெட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் மிகுந்த கலவையையே அனுப்பும். புகை கருக்கும், இழுப்பு குறையும்.

1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமாயிற்று. புகைப்போக்கியில் அமையும் இக்கருவி கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒருசேர நீக்க வேண்டுமானால், கலவை 14.7 என்ற அளவை ஒட்டியே இருக்க வேண்டும். மாறாத துளையால் இது இயலாது. ஆகவே புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து, உள்வரும் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, பெட்ரோல் தெளிக்கும் நேரத்தை மில்லி வினாடிக் கணக்கில் திருத்திக்கொண்டேயிருக்கும் கணிப்பொறி வேண்டியதாயிற்று. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் நான்காம் நிலை விதியும், 2020 ஏப்ரலில் ஐந்தாம் நிலையைத் தாண்டி ஆறாம் நிலை விதியும் வந்தன. மலை மேலே ஏறினாலும் இன்றைய கார் தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. திருப்புளிக்கு அங்கே வேலை இல்லை.

எண் சொல்லும், காரணம் சொல்லாது

அப்படியானால் புதிய வண்டியில் நமக்கு ஒன்றும் புரியாதா? அப்படியன்று. இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 ஊசித்துளைகள் கொண்ட ஒரு செருகுவாய் உண்டு. சிறு படிப்பானைச் செருகினால் கணிப்பொறி குறித்து வைத்துள்ள பழுது எண்களைக் காட்டும். "பி 0301" என்று வந்தால், முதல் உருளையில் எரிதல் தவறுகிறது என்று பொருள். இந்த எண் பல நிறுவனங்களுக்கும் பொதுவானது.

ஆனால் இந்த எண் நோயின் அறிகுறியையே சொல்கிறது. காரணம் கெட்ட பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், அடைபட்ட தெளிப்பானாக இருக்கலாம், கசியும் வால்வாகவும் இருக்கலாம். முதல் உருளையின் காயிலைக் கழற்றி இரண்டாம் உருளையில் மாட்டிப் பாருங்கள். எண் "பி 0302" என்று மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் காயில் நிரபராதி. அடுத்ததைப் பார்க்க வேண்டும். தீப்பொறி, எரிபொருள், இறுக்கம் என்னும் அதே மூன்று கேள்விகள்! கருவி மாறியிருக்கிறது, சிந்திக்கும் முறை மாறவில்லை. எண்ணைக் கண்டவுடன் உறுப்பை மாற்றுகிறவர் பணத்தை இழப்பார். எண்ணைக் கண்டபின் சோதித்துப் பார்க்கிறவர் பழுதைக் காண்பார்.

மிகக் கடினமானவை

இன்றைய டீசல் கார்களில் ஒரு பொதுக்குழாயில் டீசல் எந்நேரமும் மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கி வைக்கப்படுகிறது. அது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்; சிலவற்றில் இரண்டாயிரம் மடங்கை எட்டும். பழைய ஜீப்பில் செய்ததுபோல் இங்கே ஓடும் எஞ்சினில் திருகைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பதும் கூடாது. இதோடு புகைக்கரி வடிகட்டி, அதை எரித்துச் சுத்தம் செய்யும் ஏற்பாடு, பல உணர்விகள். வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை அன்று.

மின்கார் வேறு வகை. அதில் பிளக் இல்லை, கார்புரெட்டர் இல்லை, எஞ்சின் எண்ணெய் இல்லை, புகைக்குழாய் இல்லை. அசையும் உறுப்புகள் மிகக் குறைவு. ஆகவே பழுதும் குறைவு. ஆனால் மின்கல அடுக்கின் அழுத்தம் பல கார்களில் 300 வோல்ட்டுக்கு மேல். சிலவற்றில் 800 வோல்ட். நேர்மின்னோட்டம், பெரிய மின்தேக்கிகள் வேறு. வண்டியை நிறுத்திய பின்னும் அவற்றில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆரஞ்சு நிற வடங்களைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியவை. பழுது அரிது, பழுதானால் நம்மால் ஆகாது. இதுவே மின்காரின் நிலை.

பூட்டிய கதவு

ஆற்றலும் நுண்மையும் எழுப்பும் தடையை இயற்கை விதித்தது எனலாம். மனிதர் விதித்த தடையும் ஒன்று உண்டு. உதிரி உறுப்பையும், பழுதறியும் கருவியையும், செயல்முறைக் குறிப்பையும் தம் சொந்தப் பட்டறைகளுக்கு மட்டுமே தருவது. அப்போது ஊரிலுள்ள மெக்கானிக் எவ்வளவு திறமையுள்ளவராயினும் அவர் கை கட்டப்பட்டுவிடுகிறது.

இந்தியாவில் இது வழக்காயிற்று. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது குற்றங்கண்டு, மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி உறுப்புகளும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு சென்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. 2022-இல் இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. கார்களையும் உழவுக் கருவிகளையும் உள்ளடக்கிய ஓர் இணையதளத்தையும் அவ்வாண்டு இறுதியில் தொடங்கியது.

இரு தடைகளையும் பிரித்தறிய நாம் கற்க வேண்டும். 800 வோல்ட் வடத்தைத் தொடாதே என்பது அறிவு. ஒரு பல்பை மாற்றவும் எங்களிடமே வா என்பது வணிகம். முன்னதை மதிப்போம், பின்னதைக் கேள்வி கேட்போம்.

எளிது என்பதால் தொடலாமா?

பழைய ஜீப்பின் பிரேக்கைக் கழற்றுவது மிக எளிது. சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால் கற்றுக்குட்டி அதைத் தொடவே கூடாது. ஏன்?

ஆட்களோடு 2,000 கிலோ நிறையுள்ள ஜீப் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. இழக்கும் நிலையாற்றல் 2,000 × 9.8 × 1,000, அதாவது ஏறத்தாழ 2 கோடி ஜூல். 25 டிகிரியிலுள்ள 62 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது! இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் உராய்வும் ஏற்றுக்கொள்ளும். கியரைக் குறைத்து இறங்கச் சொல்வது இதற்காகவே. ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பினால் பெரும்பகுதி வெப்பம் டிரம்முக்குள் இறங்கும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. "டாட் 3" வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு விதித்த எல்லை 140 டிகிரியே. கொதித்தால் ஆவி தோன்றும். ஆவி அமுங்கும். மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. பெட்ரோல் குழாயில் ஆவி, டீசல் குழாயில் காற்று, பிரேக் குழாயில் ஆவி: மூன்றும் ஒரே இயற்பியல். முதல் இரண்டில் வண்டி நின்றுவிடுகிறது. மூன்றாவதில் வண்டி நிற்பதில்லை. எந்தப் பழுதை நாமே பார்க்கலாம் என்று முடிவு செய்வதற்கு இதைவிட நல்ல விதி இல்லை. பிழை செய்தால் வண்டி நின்றுபோகும் என்றால் முயலலாம். பிழை செய்தால் வண்டி நிற்காமல் போகும் என்றால் கைதேர்ந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை

வீட்டில் கார் இருந்தால், பெரியவர் ஒருவர் உடனிருக்க, எஞ்சின் நின்று ஆறிய பின் இவற்றைச் செய்து பாருங்கள். டயர் காற்றழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். எண்ணெய்க் குச்சியை உருவி அளவு பாருங்கள். பிரேக் எண்ணெய், குளிர்விப்பு நீர் இவற்றின் மட்டத்தை வெளியிலிருந்தே நோக்குங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். காற்று வடிகட்டியை எடுத்துத் தூசு தட்டுங்கள். எரிந்துபோன ஃப்யூசை அதே ஆம்பியர் அளவுள்ள ஃப்யூசால் மாற்றுங்கள். கம்பியைச் சுற்றி வைக்காதீர்கள். இவை பழைய காருக்கும் புதிய பெட்ரோல் காருக்கும் பொருந்தும்.

ஸ்பேனர் பிடிக்கும்போது திருப்புத்திறனை மறவாதீர்கள். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 400 நியூட்டன் விசை கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். சக்கர நட்டுக்கு அது ஏற்றது. அதே வேகத்தில் பிளக்கை இறுக்கினால் அலுமினிய மறை பிய்ந்துவிடும்.

சிந்தித்து விடை காண்க

1. மூன்று உருளை கொண்ட நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 4,000 சுற்று சுற்றினால், நொடிக்கு எத்தனை தீப்பொறிகள் தேவை?

2. ஈரத்துணி வைத்தியம் மழைக்காலத்தைவிடக் காற்று வறண்ட கோடையில் நன்றாக வேலை செய்யுமா? ஏன்?

3. மலை இறங்கும்போது மின்காரின் மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்கலத்தை ஏற்றுகிறது. மேலே கணக்கிட்ட 2 கோடி ஜூலில் பாதி மீண்டால், அது எத்தனை யூனிட் மின்சாரம்? (1 யூனிட் = 36 இலட்சம் ஜூல்)

4. உங்கள் வீட்டிலுள்ள மிதிவண்டி, தையல் எந்திரம், கைப்பேசி ஆகிய மூன்றையும் நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுக. எதை நீங்களே பழுது பார்க்க முடியாது? அதைத் தடுப்பது இயற்கையா, வணிகமா?

(விடைகள்: 1. நொடிக்கு 100. 2. ஆம், வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகும். 3. ஏறத்தாழ 2.8 யூனிட். 4. உங்கள் ஆசிரியரோடு கலந்து பேசுக.)